பச்சிலையும் படிப்பும்



துறையூரை அடுத்த பச்சைமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் இருமலுக்கு ஆடாதோடையும், சர்க்கரை நோய்க்குச் சிறுகுறிஞ்சானும் பறித்துப் பயன்படுத்துவோர். சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் சிறிது நேரம் இனிப்பே தெரியாது. ஐயமுள்ளோர் மென்று பார்க்கலாம்! ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே புரோம்ஹெக்சின் என்னும் இருமல் மருந்து உருவாயிற்று. இவர்களையா கல்லாதவர் என்பது? அப்பெயரைச் சுமந்த நாம் அதனைப் பிறர்மேல் ஏற்றலாகாது.

நம் நகரத்துத் தூய வளனார் கல்லூரியில் 1967-இல் அருட்தந்தை மேத்யூ நிறுவிய இராபினாட் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. உலர்தாவர ஏட்டில் செடியைச் சேகரித்தவர் பெயர் இடம்பெறும். கடை மருந்துப் பொட்டலத்திலோ பறித்தவர் பெயருமில்லை, பங்குமில்லை.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்மீதும் மரபறிவின்மீதும் காடுவாழ் மக்களுக்கு உரிமை வழங்குகிறது. அதற்கான கோரிக்கையைக் கிராமசபையில் அளித்தல் வேண்டும். சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் மலையேறி, அம்மனுக்களை எழுதித் தருவார்களாக.