தெய்வம் நின்றுகொண்டே இருந்தது
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் வந்திருக்கிறாள், சீனி வருத்தம் பற்றியோ பிரஷர் பற்றியோ பேசுவாள் என்று நினைத்திருப்பீர்கள். சங்கச் செயலாளரும் அதைத்தான் கேட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி வேறு. "நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன் டொக்டர்? பாவம் செஞ்சவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?" இதற்குப் பதில் எங்கள் பாடப் புத்தகங்களில் இல்லை.

என் அம்மாயி ஸ்பிரிங்வெளியில் எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது வயதான பிறகு. அதற்கு முன் அவர் கொழுந்து எடுத்த தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே தராசடியில் நின்ற ஒருவர், கொழுந்தில் ஈரம் என்றும் சாக்கு நிறை என்றும் சொல்லி, அம்மாயியின் கணக்கில் தினமும் இரண்டு மூன்று றாத்தலைக் கழித்துத்தான் எழுதுவாராம். வாய் திறந்தால் மறுநாள் வேலை இல்லை. அம்மாயி வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு, "அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்" என்பார். அந்த மனிதர் பிறகு டவுனில் கடை போட்டார், பிள்ளைகளைப் பெரிய படிப்புப் படிக்க வைத்தார், தொண்ணூறு வயதில் நித்திரையிலேயே போனார். அம்மாயி அறுபத்தெட்டில், கால் வீங்கி மூச்சு வாங்கிப் போனார். தெய்வம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

இதெல்லாம் சின்னக் கணக்கு. 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி காலை, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கூட்டம் புகுந்து, 25 க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. காவலுக்குப் பொலிஸார் இருந்தார்கள். எனக்கு அப்போது இருபது வயது. கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைச் சத்தம் குறைத்துக் கேட்டோம். என்னோடு படித்த சிலர் இங்கே முன் வரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2003 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. அன்று அம்மா கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனார். 2005 மே மாதத்துக்குள் மேன்முறையீட்டில் அந்த ஐவரும் விடுதலையாகிவிட்டார்கள். அவர்கள்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, உயர் நீதிமன்றம் இல்லை என்றுவிட்டது. ஆனால் யாரோ கொன்றார்கள். அந்தக் கொலைகளுக்காக இன்று தண்டனை அனுபவிக்கும் ஒருவரும் இல்லை. செய்தவர்கள் எங்கேயோ வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, நம்மோடு அதே பஸ்ஸில் போய் வருகிறார்கள்.

அப்போதெல்லாம் நான் மனதுக்குள் ஒன்றை வைத்திருந்தேன். அப்படிப்பட்டவர்கள் ஒரு நாள் கட்டிலில் விழுவார்கள், நோய் அவர்களைத் தேடிப்பிடிக்கும் என்று. வைத்தியம் படிக்கப் போனபோதும் அந்த எண்ணம் போகவில்லை. வார்ட்டில் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் போனது. புற்றுநோய் யாருடைய பாவ புண்ணியத்தையும் பார்ப்பதில்லை. அதைவிட மோசமான ஒன்றையும் அங்கே கண்டேன். கெட்டவனுக்கு வந்த பக்கவாதத்தைத் தெய்வத்தின் தீர்ப்பு என்று சொல்லிவிட்டால், பக்கத்துக் கட்டிலில் இரத்தப் புற்றுநோயோடு படுத்திருக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு எந்தத் தீர்ப்பு? அந்தத் தாயின் காதில் நம் பழமொழி எப்படி விழும்? "போன ஜென்மத்து வினை" என்று பார்க்க வந்த சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போக, அந்தத் தாய் இரவெல்லாம் தான் செய்யாத குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

நம்மோடு படித்த கிறிஸ்தவத் தோழிகளுக்கு யோபுவின் கதை தெரியும். எல்லாவற்றையும் இழந்தவரிடம் வந்து, "நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்" என்று விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான் கடைசியில் கடவுள் கடிந்துகொள்கிறார். வள்ளுவரும் அழுக்காறாமை அதிகாரத்தில், பொறாமைக்காரன் வாழ்வதையும் நல்லவன் கெடுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம் என்பதோடு நிறுத்திவிடுகிறார். விடை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்தபோது எனக்கு இது உறைக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29, தீபாவளி முடிந்து ஒரு வாரம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. "கடவுளின் சோதனை" என்றார்கள், "இயற்கையின் சீற்றம்" என்றார்கள். அங்கே ஆபத்து இருக்கிறதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மனிதர் செய்யாமல் விட்டதைத் தெய்வத்தின் தலையில் கட்டிவிட்டு எழுந்து போவது எவ்வளவு வசதி! எனக்குத் தெய்வத்தின் மேல் கோபம் வந்தது அன்றல்ல. அந்தப் பேச்சின் மேல்தான் கோபம் வந்தது.

நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இப்போதும் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறேன். ஆனால் இன்னாருக்கு இன்னது நடக்க வேண்டும் என்று கேட்பதில்லை.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். இடமும் ஆண்டும் வேண்டாம். ஒரு இளம் பெண்ணை அடித்த காயங்களோடு கொண்டு வந்தார்கள். அடித்தவர் வசதியானவர், கோயில் திருவிழாவில் முதல் மாலை அவருக்குத்தான். "விழுந்த காயம் என்று எழுதிவிடுங்கள், பிள்ளையின் வாழ்க்கையல்லவா" என்று மரியாதையான ஆட்கள் வந்து என்னிடம் பேசினார்கள். கை நடுங்கியது, மறைக்கவில்லை. கண்டதைக் கண்டபடி, ஒவ்வொரு காயத்தையும் அளந்து, சட்ட வைத்திய அறிக்கையில் எழுதினேன். வழக்கு தவணை தவணையாக இழுபட்டு ஒன்றுமில்லாமல் போனது. அவருக்கு இப்போதும் முதல் மாலைதான்.

சில வருடங்கள் கழித்து அந்தப் பெண் இடுப்பில் ஒரு பிள்ளையோடு என் கிளினிக்குக்கு வந்தாள். கதிரையில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "அன்னைக்கு நீங்க எழுதின பேப்பர் இன்னும் இருக்குங்களா டொக்டர்?"

"இருக்கு" என்றேன். "நீங்க சொன்னது எல்லாம் அப்படியே இருக்கு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, பிள்ளைக்கு மூன்று நாளாக இருமல் என்றாள்.