இடிந்த கல்லும் தகரப் பெட்டியும்

(தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையொன்றின் ஆண்டுக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டுப் பிரச்சினையைப் பற்றியும் செயலாளர் விரிவாகப் பேசிவிட்டார். அவர் சொன்னதையே நானும் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. சிங்கப்பூரில் சில வாரங்களே நின்ற ஒரு நினைவுச் சின்னத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கும் நம் லயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு.

சிங்கப்பூர்க் கடற்கரையில் எஸ்பிளனேடு என்று ஓர் இடம். 1945 ஜூலை 8-ம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அங்கே ஒரு சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து போரில் மாண்ட பெயர் தெரியாத வீரர்களுக்காக அது. கட்டும் பொறுப்பு கர்னல் ஸ்ட்ரேசி என்ற அதிகாரியுடையது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று இந்துஸ்தானிச் சொற்களை அதில் பொறித்தார்கள்: இத்தேபாக், இத்மாத், குர்பானி. ஆகஸ்டு 15-ம் தேதி ஜப்பான் பணிந்தது. 18-ம் தேதி தைவானில் நடந்த விமான விபத்தில் நேதாஜி மாண்டார் என்று செய்தி வந்தது. செப்டம்பர் 5-ம் தேதி பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் இறங்கியது. அந்த மாதத்திலேயே மவுண்ட்பேட்டனின் உத்தரவின்படி சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

ஏன் இத்தனை அவசரம்? பிரிட்டிஷார் கொண்டுவந்த படையிலும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். தம் கொடியை விட்டு வேறு கொடியின் கீழ் போன இந்தியனுக்கு நகரத்தின் நடுவே ஒரு கல் நின்றால், அது சிப்பாயின் மனத்தில் என்ன கேள்வியை எழுப்பும்? ஜப்பான்காரன் தான் புக்கிட் பாத்தோக் குன்றில் கட்டிய சின்னத்தை, பிரிட்டிஷார் வருமுன் தானே அழித்தான். அங்கே இன்று மிஞ்சியிருப்பவை படிக்கட்டுகளும் வாயில் தூண்களுமே. தோற்றவன் தன் கல்லைத் தானே அழிக்கிறான். வென்றவன் பிறர் கல்லை அழிக்கிறான்.

அரை நூற்றாண்டு கழித்து, 1995-ல், அதே எஸ்பிளனேடில் சிங்கப்பூர் அரசின் மரபுடைமை வாரியம் ஓர் அடையாளக் கல்லை நிறுவியது. மணிப்பூரில் மொய்ராங் என்னும் ஊரில் பழைய சின்னத்தைப் போலவே ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்க்க முடிந்தவர்கள் பாருங்கள்.

“கிராணியாரே, அந்தப் பழைய கல்லில் ஒரு துண்டாவது கிடைக்குமா?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தேசிய ராணுவத்துப் பட்டயம், பித்தளைச் சின்னம், தபால் தலை என்று விற்கிறவர்களும் உண்டு, வாங்குகிறவர்களும் உண்டு. என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிமெண்டுத் துண்டைக் கையில் கொடுத்து, இதுதான் நேதாஜி அடிக்கல் நாட்டிய சின்னம் என்றால், அதற்கு அத்தாட்சி என்ன? எந்த மதிற்சுவரின் துண்டும் அப்படித்தான் இருக்கும். ஆசாத் ஹிந்த் தபால் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஜெர்மனியில் அச்சடித்தார்கள். மலாயாவில் எந்தக் கடிதத்திலும் ஒட்டவில்லை. “மலாயாவில் ஓடிய தலை” என்று விற்பவன் உங்களை ஏய்க்கிறான். வாழைமர நோட்டோ கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அதற்கு விலை ஏறாது.

உண்மையான ஞாபகப் பொருள் நம் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி யார்? சிறைப்பட்ட சிப்பாய்கள் ஒரு பக்கம். மற்றொரு பக்கம் பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மார். டாக்டர் லட்சுமி தலைமையில் 1943-ல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் ஏராளம். இந்தியாவைக் கண்ணாலே கண்டிராத பெண்கள் அதற்காகத் துப்பாக்கி பிடித்தார்கள்! தாலியையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்த தாய்மார்களும் உண்டு.

பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் பயந்துபோய் உடுப்பை எரித்தவர்கள் இருந்தார்கள், புதைத்தவர்களும் இருந்தார்கள். மிஞ்சியது நன்கொடை ரசீது, பழுப்பேறிய படம், இரண்டொரு கடிதம். இப்போது லயங்களை இடிக்கும் காலத்தில் அவையும் போகின்றன. குடி மாறும்போது வீட்டுக்காரர் விட்டுச் சென்ற பெட்டிகளைக் கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. ஒரு பெட்டிக்குள் கரையான் அரித்த காகிதக் கட்டு; மேலே ஒரு பழைய தொப்பி. யாருடையது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஆயா, “எங்க பெரியப்பா அதைத் தலையில வச்சுக்கிட்டுப் போனாராம், திரும்பலை” என்றார். ஊர், பெயர், ஆண்டு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அந்தத் தொப்பிக்கு இனி வரலாறில்லை.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். எல்லோரும் தேசபக்தியினால்தான் சேர்ந்தார்கள் என்று எழுதுவது பொய். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்வான் என்ற பயம் வீட்டுக்கு வீடு இருந்தது. சயாம் போன தமிழர்களில் ஆயிரமாயிரம் பேர் அந்தப் பாதையோரத்திலேயே மாண்டார்கள். அதற்குப் பயந்து படையில் பெயர் கொடுத்தவனும் உண்டு, அவனும் நம்மவனே. அவன் சொன்ன காரணத்தையும் உள்ளபடி எழுதி வைக்க வேண்டும். ஜப்பான்காரனோடு கூட்டுச் சேர்ந்தது சரியா தவறா என்று நாம் வாதிக்கலாம். ஆனால் வாதிப்பதற்குச் சாட்சி வேண்டுமே, தோழர்களே!

ஆகவே கிளைக் கமிட்டியின் அனுமதியோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை, முதியோர் உள்ள வீட்டார் பெட்டியில் இருப்பதைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். பித்தளையைப் புளி போட்டுத் துலக்க வேண்டாம். பசை வைத்து ஒட்ட வேண்டாம். படத்தின் பின்பக்கம் மைப்பேனாவால் எழுதவும் வேண்டாம், பென்சில் போதும். பொருளை நாங்கள் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் சொல்லக் கேட்டது என்று ஒரு நோட்டில் பதிந்து, படம் எடுத்துக்கொண்டு, அப்போதே உங்கள் கையில் திருப்பித் தருவோம். பொருளே இல்லை, வாய்ச்சொல்தான் உண்டு என்றாலும் வாருங்கள். நடக்க முடியாத முதியோர் இருந்தால் வீட்டு நம்பரைச் சொல்லுங்கள். பால் நிறுத்து முடிந்தபின் நானே நோட்டோடு வருகிறேன்.