நெய்வேலி நீரும் ஆரல்வாய்மொழிக் காற்றும்



தீர்ந்துபோகும் வளம், தீராத வளம் என்று பாடப்புத்தகம் ஒரு கோடு போடுகிறது. நிலக்கரி இந்தப் பக்கம். நீரும் காற்றும் அந்தப் பக்கம். நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நிற்பவர் கண்ணுக்கு அந்தக் கோடு தட்டுப்படாது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். பொங்கி வந்த தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. கரியும் நீரும் அங்கே முதலிலிருந்தே கூட்டாளிகள். அந்தக் கரியை வெட்டியெடுக்க 1956இல் ஒரு நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டு நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

அந்தக் கரிப்படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் அடைபட்டுக் கிடக்கிறது. அதை வெளியேற்றாமல் மேல்மண்ணை அகற்றினால், சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு நீர் பொங்கிவிடும். அதனால்தான் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மண்ணை வாரும் இடத்தைச் சுற்றி, ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார்கள் இரவு பகலாக ஓடுகின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட விடுமுறை கிடையாது!

இறைக்கும் நீரெல்லாம் வீண் என்று சொல்லிவிட முடியாது. அனல்மின் நிலையத்துக்குப் போகிறது, வயலுக்குப் போகிறது. சென்னை தவித்தபோது நெய்வேலித் தண்ணீர் அங்கேயும் போனது. ஆனால் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்று மட்டம் இறங்கிவிட்டதென்று உழவர்கள் பல ஆண்டுகளாகக் குமுறுகிறார்களே, அதற்கு என்ன பதில்? மழை நிரப்புவதைவிட வேகமாக இறைத்தால் நிலத்தடி நீரும் கரியைப் போலத் தீரும் பண்டம்தான்.

சரி, காற்றாவது தீராததுதானே?

வைகாசி பிறந்தால் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கியடித்துப் புகுந்து அங்குள்ள முப்பந்தல் காற்றாலைப் பகுதியை உலுக்குகிறது. காற்று ஆண்டுதோறும் வரும். அது நன்றாக வீசும் நிலமோ அளவோடுதான் இருக்கிறது. அந்த முதல்தர இடங்களில் 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகள் பல இன்றும் நிற்கின்றன. இப்போது வருகிற ஒரே கோபுரம் 2,000 கிலோவாட்டுக்கு மேல் தருகிறது. பழைய எட்டு ஆலைகளின் வேலை!

மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதற்காகத் தமிழக அரசு 2024இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆனால் பெரிய இறக்கைகளுக்கு அகன்ற இடைவெளி வேண்டும். நிலமோ துண்டு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முதலாளி. கடன் அடைந்து, சுற்றும் வரை லாபம் என்று இருப்பவரை அசைப்பது லேசல்ல. அந்த முதலாளிகளை ஒரே மேசையில் உட்கார வைத்துப் பங்கு பேசி முடிப்பதுதான் இப்போது முப்பந்தலில் நடக்கவேண்டிய முதல் வேலை.