விருப்பக்குறியும் வரவு செலவுக் கணக்கும்

(பொதுத்தொண்டுச் சங்க ஊழியர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பொதுத்தொண்டு செய்யும் சங்கங்கள் பேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவைகளைக் கொண்டு பணம் சேர்ப்பதும் ஆள் சேர்ப்பதும் எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் இதில் நிபுணன் அல்ல. ஒரு சிறு வாசகசாலைக்காகப் பல வருஷகாலம் துண்டேந்தி வசூல் செய்து, பிறகு போனைக் கொண்டும் வசூல் செய்து, இரண்டிலும் தப்பு செய்து, பட்டுத் தெரிந்துகொண்டவன். ஆகையால் நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் சிலர் இந்தப் போனை அட்சய பாத்திரம் என்று நினைக்கிறார்கள். ஒரு படத்தைப் போட்டால் மறுநாள் லட்சம் வந்து விழும் என்கிறார்கள். வேறு சிலர், இது வெறும் பொழுதுபோக்கு, யோக்கியமான சங்கத்துக்கு ஆகாது என்கிறார்கள். இரண்டும் மூட நம்பிக்கைதான். தமுக்கும் நோட்டீசும் எப்படிக் கருவிகளோ, அப்படியே இதுவும் ஒரு கருவி. தமுக்கு அடித்தால் கூட்டம் கூடும். கூடிய கூட்டத்துக்கு என்ன சொல்வது, அவர்கள் கொடுத்த காசை என்ன செய்வது என்பது தமுக்கின் வேலையல்ல, நம்முடைய வேலை.

2014-ம் வருஷக் கோடையில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஏ.எல்.எஸ். என்று ஒரு வியாதி. நரம்புகள் செத்துக் கைகால் அசையாமல் போய், கடைசியில் மூச்சுவிடும் சக்தியும் நின்றுவிடும். அவ்வியாதி கண்ட பீட் பிரேட்ஸ், பாட் குவின் என்ற இரு வாலிபர்களும் அவர்களுடைய சிநேகிதர்களும் ஒரு வேடிக்கையைப் பரப்பினார்கள். ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு படம்பிடித்துப் போட வேண்டும். மூன்று பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் தாமும் ஊற்றிக்கொள்ள வேண்டும், அல்லது பணம் கொடுக்க வேண்டும். சில வாரங்களில் அந்நாட்டு ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு சுமார் 11½ கோடி டாலர் வந்து சேர்ந்தது. அப்பணத்தின் உதவியோடு நடந்த ஆராய்ச்சியில், அவ்வியாதியோடு சம்பந்தப்பட்ட ஒரு ஜீனைக் கண்டதாக 2016-ல் வெளியிட்டார்கள்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டதில் என்ன மகிமை இருக்கிறது? ஒன்றுமில்லை. ஊரையெல்லாம் பொதுவாகக் கூப்பிட்டால் ஒருவனும் வரமாட்டான்; இன்னாரே வாரும் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் வராமலிருக்க வெட்கப்படுவான். இதுதான் அதிலுள்ள சூட்சுமம். அதே வருஷம் ஐதராபாத்தில் மஞ்சு லதா கலாநிதி என்ற பத்திரிகையாளர், தண்ணீருக்குப் பதிலாக ஒரு வாளி அரிசியை இல்லாதவருக்குக் கொடுங்கள் என்று பேஸ்புக்கில் எழுதினார். அதுவும் பரவிற்று. நம் ஊர் நிலைமைக்கேற்ப யோசிப்பது என்றால் அதுதான்.

ஆனால் 2015-ல் அமெரிக்கச் சங்கத்தார் அதே வேடிக்கையை மறுபடியும் நடத்தினபோது, முந்திய வருஷ வசூலில் மிகச் சிறு பங்குதான் வந்தது. திருவிழாக் கடைக்காரன் வருஷமெல்லாம் திருவிழாவை நம்பியிருக்க முடியுமா? ஒருநாள் ஆயிரம் கொடுப்பவரைவிட, மாதந்தோறும் ஐம்பது ரூபாய் கொடுப்பவரே ஒரு சங்கத்துக்கு முதுகெலும்பு ஆவார்.

நிற்க, இந்த 'லைக்' என்னும் விருப்பக்குறி இருக்கிறதே, அது ஒரு மயக்கம். எங்கள் வாசகசாலைக்கு அலமாரி வேண்டுமென்று எழுதினோம். நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி விழுந்தது. பணம் கொடுத்தவர்கள் நான்கு பேர். 2013-ல் ஸ்வீடன் தேசத்து யூனிசெப் ஸ்தாபனத்தார், வெறும் 'லைக்'கினால் ஒரு பிள்ளைக்கும் போலியோ தடுப்பு மருந்து கிடைக்காது, பணம் வேண்டும் என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்தார்கள். அவ்வளவு பெரிய ஸ்தாபனத்துக்கே அந்தக் கதி என்றால் நம் கதி என்ன?

அடுத்தது நாணயம். 2020-ல் கொரோனாக் காலத்தில், இங்கிலாந்தில் டாம் மூர் என்ற 99 வயது முதியவர், பழைய ராணுவத்தார், கைவண்டியைப் பிடித்துக்கொண்டு தம் வீட்டுத் தோட்டத்தில் 100 முறை நடந்து 1,000 பவுன் சேர்த்துத் தருவதாகப் புறப்பட்டார். வந்ததோ 3 கோடிப் பவுனுக்கு மேல்! அது பொது வைத்தியசாலைகளுக்கான தரும நிதிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. பிறகு குடும்பத்தார் அவர் பேரால் தனியாக வேறொரு ஸ்தாபனம் வைத்தார்கள். அந்த ஸ்தாபன நிர்வாகத்தில் பல தவறுகள் நடந்தன என்றும், குடும்பத்துக்கு அதனால் ஆதாயம் கிடைத்தது என்றும், தரும ஸ்தாபனங்களை மேற்பார்க்கும் கமிஷன் 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. கிழவர் நடந்து சம்பாதித்த நல்ல பேர் என்னவாயிற்று பாருங்கள்!

கடைசியாக, என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மழை வெள்ளத்தின்போது எங்கள் சங்கம் அரிசி கொடுத்தது. ஐந்து கிலோப் பை ஒன்றை ஒரு அம்மாள் கையில் கொடுத்து, நாங்கள் ஆறு பேர் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி படம் எடுத்துப் போட்டோம். மறுவாரம் அந்த அம்மாளின் மகன் வந்தான். "அண்ணே, அந்த அரிசியைத் திருப்பித் தந்துவிடுகிறோம். படத்தை எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்" என்றான். படத்தை எடுத்தோம். ஆனால் அதற்குள் எத்தனை போனுக்குப் போயிருக்குமோ, அதை யார் திருப்பி எடுப்பது?

தோழர்களே! ஐந்து கிலோ அரிசிக்கு ஒரு குடும்பத்தின் மானத்தை விலையாக வாங்குவது தொண்டாகுமா? ஏழையின் கண்ணீரைக் கடைச்சரக்காகக் காட்டினால் பணம் அதிகம் வரலாம். வரட்டுமே! வாங்குகிறவனைத் தாழ்த்திக் கொடுக்கும் உதவி, அவனை என்றைக்கும் தாழ்ந்தவனாகவே வைக்கும். படம் வேண்டுமானால் அரிசி மூட்டையை எடுங்கள், கட்டின கிணற்றை எடுங்கள், கணக்குப் புத்தகத்தை எடுங்கள்.

ஆகவே, செய்யவேண்டியது என்ன? இன்ன காரியத்துக்கு இவ்வளவு ரூபாய், இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பணம் சங்கத்தின் பேரிலுள்ள பாங்குக் கணக்குக்கே வரட்டும்; காரியதரிசியின் சொந்தக் கணக்குக்கு ஒரு காசும் வரக்கூடாது. கொடுத்தவருக்கு அன்றே ரசீதும் நன்றியும் போகட்டும். கேள்வி கேட்பவரை எதிரியாக நினையாதீர்கள், பதில் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை வரவு செலவை அதே பக்கத்தில் போடுங்கள். அயல்நாட்டாரிடம் பணம் வாங்குவதற்குத் தனிச் சட்டமுண்டு; மத்திய சர்க்காரின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக்கூடாது. அன்றியும், பேஸ்புக் பக்கம் நம் சொந்த வீடல்ல, கம்பெனிக்காரனுடைய திண்ணை. நாம் எழுதுவதை யாருக்குக் காட்டுவது என்பதை அவன்தான் தீர்மானிக்கிறான். ஆகையால், அங்கத்தினர் சம்மதத்தோடு அவர்கள் பேரும் விலாசமும் நம்முடைய நோட்டில் இருக்கட்டும்.

எங்கள் அலமாரி எப்படி வந்தது தெரியுமா? அந்த நான்கு பேருக்கும் ரசீதோடு கணக்கும் அனுப்பி, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த மூன்று பேரைக் கூப்பிடும்படி கேட்டோம். இரண்டு மாதத்தில் அலமாரி வந்துவிட்டது. விலை, தச்சுக்கூலி, மிச்சம் மூன்றும் அதன் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து படித்துப் பார்க்கலாம்.