தேடுபொறியும் நம் தோட்டங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று எமக்கு அளிக்கப்பட்ட பொருள் இம்மேடைக்குப் புதியது. இணையத்தளம் ஒன்றைத் தேடுபொறியின் முன்வரிசைக்குக் கொண்டு வருவது எங்ஙனம் என்பதே அது. வியாபாரிகள் இதனை ஒரு தொழிற்கலையாக வளர்த்து, எஸ். ஈ. ஓ. என்று மூன்றெழுத்திலே சுருக்கி வழங்குகின்றனர். கடைக்காரருக்குரிய கலையை வாலிபர் சங்கத்திலே பேசுவானேன் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் ஒரு சிறு காரியம் செய்து பார்க்கட்டும். பக்கத்திலிருக்கும் பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியை வாங்கி, நோர்வூட் என்று ஆங்கில எழுத்திலே தட்டித் தேடட்டும்.

உலகத்திலே நோர்வூட்டுகள் பல. லண்டனின் தென்பாகத்தில் ஒன்று. அமெரிக்காவிலே மசச்சூசெட்ஸில் ஒன்று, ஒகையோவில் ஒன்று. அவுஸ்திரேலியாவிலே அடிலெயிட் நகரின் அருகில் ஒன்று. துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளுள் 1903இல் வெளிவந்த ஒன்றின் தலைப்பிலே கூட நோர்வூட் இருக்கிறது. மிஷன் பாடசாலை நூலகத்திலே அத்தலைப்பைக் கண்ட அன்று எமக்கு உண்டான பெருமை, நாலு பக்கம் வாசிப்பதற்குள் வடிந்துவிட்டது!

சரி, இலங்கை என்னும் சொல்லையும் சேர்த்துத் தேடினால் நம்மூர் வரும். ஆனால் எந்த முகத்தோடு வரும்? காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய துரைமார் பங்களாக்களை உல்லாச விடுதிகளாக்கி நடத்தும் சிலோன் டீ ட்ரெயில்ஸ் நிறுவனத்தின் பங்களா ஒன்றுக்கு நோர்வூட் என்றே பெயர். அதன் பூந்தோட்டமும் சாப்பாட்டு மேசையும் வரும். 2017 மே 12ஆந் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி இவ்வூருக்கு வந்து நம் மக்கள்முன் பேசிய செய்தி வரும். அவை வருவதிலே எமக்கு வருத்தம் யாதுமில்லை. பங்களாக்காரர் தம் காரியத்தைச் சரியாகச் செய்திருக்கின்றனர், பத்திரிகைக்காரரும் அப்படியே. லயத்திலே பிறந்தவர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதியது எங்கே என்பதே நம் கேள்வி.

யார் தேடப் போகிறார்கள் என்று கேட்கலாம். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கிட்டார்கள். மீதி 1,50,000 பேரின் தலைவிதியைப் பின்னர் பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் கணக்கிலே கப்பலேறிப் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்று நீலகிரியிலே கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழ்கிறார்கள். அவர்களிடம் ஆங்கிலத் தோட்டப் பெயர் இராது. தாத்தாவின் வாயிலிருந்து கேட்ட பெயர்தான் இருக்கும். அதைத் தமிழிலே தட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. இதற்காகத்தான் இந்தக் கடைக்காரக் கலையை நாம் கற்க வேண்டியிருக்கிறது.

தேடுபொறி வேலை செய்யும் விதத்தை முதலிற் சொல்லுவோம். நாம் ஒன்றைக் கேட்ட கணத்திலே அது உலகெங்கும் ஓடித் தேடுவதில்லை. முன்னதாகவே, ஊர்ந்து திரியும் நிரல்களை அனுப்பி, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு இணைப்பு வழியே தாவச் செய்து, கண்டவற்றையெல்லாம் வாசித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறதென்று ஒரு பெரும் அகராதி எழுதி வைத்துக்கொள்கிறது. தேவாரப் பதிப்புகளின் இறுதியிலே பாட்டு முதற்குறிப்பு அகராதி இருப்பதை அறிவீர்கள். பாட்டின் முதற்சொல் நினைவிருந்தால் பக்கத்தைப் பிடித்துவிடலாம். கிறிஸ்தவர்கள் வேத புத்தகத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவ்வாறே அட்டவணை வைத்திருக்கின்றனர். மிஷன் பாடசாலையிலே அதைப் புரட்டிப் பழகிய கை எமது. தேடுபொறியின் அகராதியும் அந்தச் சாதியைச் சேர்ந்ததே. நம் வழக்கிலே சொன்னால் அது ஒரு செக்ரோல். செக்ரோலிலே பேர் விழாதவன் நாள் முழுதும் மலையில் நின்றாலும் அவனுக்குப் பேர் இல்லை. அகராதியிலே ஏறாத பக்கமும் அப்படித்தான்.

பேர் விழுந்தது, சரி. வரிசையில் முதலாவதாக நிற்பது யார்? இதற்கு 1998இல் லரி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் இரு மாணவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விடை தந்தனர். அவ்வாண்டே கூகுள் நிறுவனமும் தோன்றிற்று. ஒரு பக்கம் மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுப்பது ஒரு சிபாரிசு. அதிலும் எல்லாச் சிபாரிசுக்கும் ஒரே எடை அன்று. பலராலே சிபாரிசு செய்யப்பட்டவன் செய்யும் சிபாரிசுக்கு எடை கூடுதல். அவனும் நூறு பேரைச் சிபாரிசு செய்தால் அந்த எடை நூறாகப் பிரிந்துவிடும். ஊரிலே கலியாணப் பேச்சு நடக்கும் முறை தெரிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்துக் கல்லறையை எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக்காரி ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் இறந்து அங்கே அடங்கியிருக்கிறார். உலகத்து அரும்பொருட்சாலைகள் பலவும் அவரைப் பற்றி எழுதுவதாலே, அந்தச் சிற்றூரின் பெயரும் அவற்றோடு உலகம் சுற்றுகிறது. அதே மலைகளிலே ஆயுள் முழுதும் கொழுந்தெடுத்து அடங்கியவர்களின் பெயரை எந்த அரும்பொருட்சாலை எழுதிற்று? இன்று கூகுள் கணக்கிலெடுக்கும் குறிகள் பலவாகப் பெருகிவிட்டன. ஆயினும் நல்லார் சிபாரிசு என்னும் அடிப்படை மாறவில்லை.

இனி நம் வீட்டுக் குறைக்கு வருவோம். இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இலங்கையிலே தமிழ் மலர்களும் அழைப்பிதழ்களும் நெடுங்காலமாகப் பாமினி என்னும் எழுத்துருவிலே தட்டப்பட்டு வந்திருக்கின்றன. இன்றும் அச்சகங்களிலே அது உயிரோடிருக்கிறது. பார்வைக்கு அழகான எழுத்துத்தான். ஆனால் அது தமிழெழுத்து அன்று. ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டியது. ‘அம்மா’ என்று நாம் திரையில் வாசிப்பது, கணினியின் வயிற்றுக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகக் கிடக்கிறது. தேடுபொறி படிப்பது சட்டையை அன்று, வயிற்றை. ஆகவே அம்மாவைத் தேடி வருகிற பிள்ளைக்கு அந்த அம்மா ஒருநாளும் அகப்படமாட்டாள். யூனிகோட் என்னும் பொதுக் குறிமுறையிலே தமிழுக்கு 1991 முதலே தனி இடமுண்டு. அதிலே தட்டினால் எந்நாட்டுக் கணினிக்கும் தமிழ் தமிழாகவே தெரியும். பாமினியிலே தட்டியதை யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பழைய மலரின் கணினிக் கோப்பு அச்சகத்தில் இருந்தால் ஒரு பிற்பகல் வேலை; இல்லையெனில் நாம் தட்டித்தான் தீர வேண்டும்.

படமாகப் பிடித்துப் போட்ட பக்கத்தின் கதியும் ஏறத்தாழ இதுவே. கடதாசியைப் படம் பிடித்து இட்டுவிட்டு, இணையத்திலேற்றிவிட்டோம் என்று மகிழ்வோர் பலர். எழுத்துணரி நிரல்கள் படத்திலிருந்து தமிழை வாசிக்கப் பழகிவருகின்றன. மங்கிய அச்சிலே தடுமாறுகின்றன. இந்தச் சிக்கலுக்கு நல்லதொரு வழியை 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் ஈழத்து எண்ணிம நூலகத்திலே காணலாம். அங்கே பழைய நூல்கள் படங்களாகவே இருப்பினும், நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றையும், பலவற்றுக்கு உள்ளடக்கத்தையும் யூனிகோட்டிலே தட்டி வைத்திருக்கின்றனர். படம் பேசாவிட்டாலும் அதன் பக்கத்திலிருக்கும் எழுத்துப் பேசுகிறது. நமது மலர்களுக்கும் முதற்கட்டமாக இவ்வளவு போதும். மூடிய முகநூல் குழுக்களிலே விழாப் படங்களைக் கொட்டுவதோடு நின்றுவிடும் தம்பிமார், அவை தேடுபொறியின் கைக்கு எட்டாதவை என்பதைக் கவனிப்பார்களாக.

அடுத்தது, தேடுகிறவனுடைய சொல். எழுதுகிறவன் வாயிலிருப்பது ஒரு சொல். தேடுகிறவன் வாயிலிருப்பது வேறொன்று. டிக்கோயாவிலே 2017இல் மோடி திறந்துவைத்த 150 கட்டில் வைத்தியசாலைக் கட்டடம் இருக்கும் இடத்தின் ஆங்கிலப் பெயர் கிளென்கெயர்ன். நம் சனங்களுக்கோ அது கிளங்கன். நோயாளியை ஏற்றிக்கொண்டு வரும் உறவினன் ‘கிளங்கன் ஆஸ்பத்திரி’ என்றுதான் தேடுவான். டிக்கோயா ஆதார வைத்தியசாலை என்று மட்டும் எழுதிய பக்கம் அவன் கண்ணிற் படுவது அருமை. நியூ வெலி தோட்டம் நம் நாவிலே நிவ்வெளி. ஹட்டன் என்றும் அட்டன் என்றும் ஹற்றன் என்றும் எழுதுகிறோம். சி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் பெயருக்கே முதலெழுத்தை ‘சி’ என்பார் சிலர், ‘ஸி’ என்பார் சிலர். எது சரி என்று சண்டையிடுவது புலவர் வேலை. பக்கத்தின் தலைப்பிலே பெருவழக்கான வடிவத்தை வைத்து, உள்ளே ஓரிடத்தில் ‘இன்னவாறும் வழங்கப்படும்’ என்று மற்றவற்றையும் எழுதிவிட்டால் எல்லா வாசலும் திறந்துவிடும்.

தமிழுக்கு இன்னுமொரு தனிச் சங்கடமுண்டு. ஆங்கிலத்திலே ஒரு சொல்லுக்கு நாலைந்து வடிவமே. நமக்கோ தோட்டம் என்பது தோட்டத்தை, தோட்டத்துக்கு, தோட்டத்திலிருந்து என்று விரிந்துகொண்டே போகிறது. சந்தி வேறு சேர்ந்துகொள்கிறது. ஆதலின் தலைப்பிலும் முதல் வாக்கியத்திலும் ஊர்ப் பெயரையும் ஆட்பெயரையும் உருபு ஏற்காத வடிவிலே ஒருமுறையேனும் வைக்க வேண்டும். ‘மலரும் நினைவுகள்’ என்று தலைப்பிடுவது நம் எழுத்தாளருக்குப் பிடித்தமானது. அத்தலைப்பை யார் தேடுவார்? ‘நோர்வூட் நிவ்வெளி தோட்டம்: காமன் கூத்து’ என்று இட்டால் அழகு குறையலாம்; ஆள் வருவான்.

பக்கத்தின் பாரத்தையும் பார்க்க வேண்டும். மலைச் சரிவிலே சமிக்ஞை இரண்டு கோட்டுக்கு மேல் ஏறாத இடங்களிலிருந்து நம்மவர் பார்க்கிறார்கள். முப்பது பெரிய படங்களை ஒரே பக்கத்தில் ஏற்றினால் அது திறக்குமுன் பார்ப்பவன் பொறுமை போய்விடும். கூகுளும் பக்கங்களைக் கைத்தொலைபேசியிற் பார்ப்பது போலப் பார்த்தே எடை போடுகிறது.

குறுக்கு வழி இல்லையா என்று சில தம்பிமார் எம்மிடம் தனியே கேட்டனர். இருந்தது. வெள்ளைத் தாளிலே வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு முறை எழுதி ஒளித்து வைப்பார்கள். காசு கொடுத்துச் சிபாரிசு வாங்குவார்கள். ஜெர்மனியின் பெரிய கார் நிறுவனமாகிய பி. எம். டபிள்யூவின் தளமே, தேடுபொறிக்கு ஒரு முகமும் வாசகருக்கு வேறு முகமும் காட்டியதற்காக 2006இல் கூகுளின் அகராதியிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே செக்ரோலிலிருந்து பேர் வெட்டினார்கள் என்றால் நம் பாடு என்னவாகும்? இன்னுஞ் சிலர், பக்கத்தின் மறைவிடத்திலே திறவுச்சொற்களை அடுக்கினால் போதும் என்று சொல்லிக் கட்டணமும் கேட்பார்கள். அவற்றைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லையென்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. அந்தக் காசுக்குச் சங்க நூலகத்துக்கு நாலு புத்தகம் வாங்கலாம்.

இதைத் தள்ளிப்போட முடியாததற்கு ஒரு காரணமும் உண்டு. 2024 முதல் கூகுள், பல கேள்விகளுக்குத் தளங்களின் வரிசைக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய விடையொன்றையும் வைக்கிறது. அந்த விடை ஆகாயத்திலிருந்து குதிப்பதன்று. கிடைத்த பக்கங்களிலிருந்து திரட்டப்படுவது. 2023இலே மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணம் எதற்காக என்று நாளை ஒரு பிள்ளை கேட்டால், இயந்திரம் யார் எழுதியதைத் திரட்டிச் சொல்லும்? எழுதி வைத்தவர்கள் எழுதியதைத்தான்.

ஆகையால் சங்கத்தின் முன் எமது வேண்டுகோள் இதுவே. பழைய ஆண்டு மலர்களை ஒவ்வொன்றாக யூனிகோட்டிலே ஏற்றுவோம். ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம். தலைப்பிலே ஊரும் ஆண்டும். கோவில்கள், பாடசாலைகள், பிற சங்கங்கள் ஆகியவற்றின் தளங்களை நாம் இணைப்போம். அவர்களையும் நம்மை இணைக்கக் கேட்போம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலே யாரும் எழுதலாம். நம் ஊர்களைப் பற்றி ஆதாரத்தோடு நாமே எழுதுவோம். இன்று ஏற்றினால் நாளை முன்வரிசை வராது, மாதக்கணக்காகும்.

தட்டுவதற்குத் தம்பி தங்கையர் இருக்கிறார்கள். தோட்டங்களின் பழைய தமிழ்ப் பெயர்கள்தாம் அவர்களுக்குத் தெரியாது. துரை வைத்த பெயர் கந்தோர்க் கடதாசியில் இருக்கிறது. கங்காணிமாரும் சனங்களும் வைத்த பெயர், டிவிசன்களின் பெயர், மலைகளின் பெயர், ஆற்றோரத்துச் சாமிகளின் பெயர் எல்லாம் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிமாரிடம் இருக்கின்றன. விழா முடிந்ததும் மண்டப வாசலிலே ஒரு மேசை போட்டிருக்கிறோம். உங்கள் தோட்டத்துக்கு உங்கள் வீட்டிலே வழங்கிய பெயர் யாது என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள். எழுத ஆளிருக்கிறது.