கடற்கரைப் பாசிக்கு யார் பொறுப்பு?



பிரான்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குப் பிரிட்டனி என்று பெயர். அங்கே சான் மிஷேல் ஆன் கிரேவ் என்ற சிற்றூர்க் கடற்கரையில், 2009 ஜூலையில், ஒருவர் தம் குதிரையோடு போய்க்கொண்டிருந்தார். கரையெங்கும் பச்சைப் பாசி குவிந்து அழுகிக் கிடந்தது. அதில் கால் புதைந்த குதிரை சிறிது நேரத்திலேயே செத்து விழுந்தது. அவரும் மயங்கிச் சரிந்தார். அருகில் இருந்தவர்கள் இழுத்துக் காப்பாற்றினார்கள். 2011 கோடையில், பிரிட்டனியின் அதே வடகரையில் குவேசான் என்ற சிற்றாறு கடலில் சேருமிடத்தில், 36 காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன. 2016 செப்டம்பரில் அதே கழிமுகத்துக்கு ஓட்டப் பயிற்சிக்குப் போன 50 வயது மனிதர் வீடு திரும்பவில்லை.

இந்த இடங்களில் குவிந்த பாசிக்குள் இருந்தது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. குடிநீர் ஆய்வகத்தில் காலம் தள்ளியவன் நான். அதனால் இந்த வாயுவைப் பற்றிச் சற்று நின்று சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூமுட்டையை உடைத்தால் வருமே ஒரு நாற்றம், அது இதுதான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். 100, 150 பங்கு ஆகும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதே என்று ஆள் நிம்மதி அடைகிற அந்த நேரத்தில்தான் ஆபத்து ஏறிக்கொண்டிருக்கும். 1000 பங்கைத் தொட்டால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். குதிரை செத்த கடற்கரையில் பிரெஞ்சு அரசு நிறுவனமே பிறகு அளந்து பார்த்தபோது, சில இடங்களில் அந்த 1000 இருந்தது.

நம் ஊர்களில் செப்டிக் டேங்குக்குள் இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கிய தம்பி, இருவரையும் தூக்க இறங்கிய பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாகச் செத்த செய்தியைக் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் பெரும்பாலும் இதே வாயுதான். காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கிவிடும். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யார் வீட்டிலாவது தொட்டி நிறைந்திருந்தால், தயவுசெய்து ஆளை இறக்காதீர்கள். லாரியை வரவழையுங்கள். பேச்சு வேறு திசைக்குப் போகிறது என்று தெரிந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

கடற்கரைக்கு வருவோம். குவிந்த பாசியின் மேற்புறம் வெயிலில் காய்ந்து, பாலின் மேல் ஏடு படிவதுபோல் வெளுத்து மூடிக்கொள்ளும். அடியில் காற்றுப் படாமல் பாசி அழுகும். அங்கிருக்கும் நுண்ணுயிரிகள் கடல்நீரின் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். ஒரு கால் பட்டு மேற்புறம் உடைந்தால், அடைபட்டுக் கிடந்த வாயு மொத்தமும் முகத்தில் அடிக்கும்.

பாசி விஷமில்லை. உல்வா என்ற இந்தப் பாசியை நம் மண்டபம் கரையிலும் பாறைகளில் பார்க்கலாம். பிரிட்டனியின் ஆழமற்ற விரிகுடாக்களில் அது மலைபோல் பெருகியதற்குக் காரணம் நைட்ரேட். ஆறுகள் கொண்டுவந்து கொட்டுகிற நைட்ரேட்.

நைட்ரேட் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஒரு மஞ்சள் நிறம். அந்த நாளில் ஆய்வகத்தில் நைட்ரேட்டை இப்படித்தான் பார்ப்போம்: தண்ணீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சொட்டு ஈரம் இல்லாமல் வற்ற வைப்போம். அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை உப்பை ஓர் அமிலம் விட்டுக் கரைத்து, நீர் சேர்த்து, கடைசியில் அம்மோனியா விடுவோம். நைட்ரேட் இருந்தால் கண்ணெதிரே மஞ்சள் பூக்கும். இளமஞ்சள் என்றால் நிம்மதி. சில கிணற்றுத் தண்ணீருக்கு அது ஆழ்ந்த மஞ்சளாகவே வரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு. அதை மீறிய தண்ணீரைப் பால்பொடியில் கலந்து கைக்குழந்தைக்குக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். இழந்தால் உடம்பு நீலம் பாரிக்கும். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்.

சின்ன வெங்காயம் போடுகிற ஊர் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். கிண்ணத்தில் பூத்த மஞ்சளைக் காட்டி, யூரியா அதிகம் போடுகிறீர்களா என்று கேட்டேன். "சார், மூட்டைக்கு வெலை வெக்கிறது நானா? மத்த உரமெல்லாம் வாங்க முடியாத வெலை. இது ஒண்ணுதான் கைக்கு எட்டுது. எட்டுறதைத்தானே போடுவேன்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மைதான். 45 கிலோ யூரியா மூட்டை 300 ரூபாய்க்குள் கிடைக்கும்படி விலையை வைத்திருப்பது மத்திய அரசு. மற்ற உரங்களின் விலை அதைவிடப் பல மடங்கு. மண்ணில் என்ன விழும் என்பதைப் பாதிக்கு மேல் டெல்லியில் முடிவு செய்துவிடுகிறார்கள்.

பிரிட்டனியில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. 1950களில் அது ஏழைப் பகுதி. சிறு வயல்கள், வயலைச் சுற்றி மண் வரப்பும் வேலி மரங்களும். 1960களில் பாரிஸ் அரசு விவசாயத்தை நவீனப்படுத்தச் சட்டங்கள் போட்டது. நிலங்களை ஒன்று சேர்த்தார்கள்; மழைநீரைப் பிடித்து நிறுத்திய வேலி மரங்களைப் பிடுங்கி எறிந்தார்கள். பன்றிக் கொட்டகை கட்டக் கடன், கொட்டகைக்குத் தீவனமாகக் கப்பலில் சோயா. இன்று பிரான்சின் பன்றிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு பகுதியில். அங்கே மனிதர்கள் ஏறக்குறைய 34 லட்சம், பன்றிகள் 70 லட்சத்தை ஒட்டி. அவ்வளவு பன்றிகளின் கழிவும் பெரும்பாலும் தண்ணீராகக் கரைந்து வயலுக்குத்தான் போகிறது, போதாததற்கு உரமும். பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சம் மழையோடு ஆற்றுக்குப் போகிறது. 1960களில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவில் இருந்த ஆற்று நைட்ரேட், 1990களின் இறுதியில் சராசரியாக 50ஐத் தாண்டியது. பாசி வந்துவிட்டது என்று கடற்கரை ஊராட்சிகள் 1970களிலேயே அரசிடம் முறையிட ஆரம்பித்துவிட்டன. சுற்றுலாப் பயணிகள் கண்ணில் படாமல் வாரி அள்ளினார்களே தவிர, ஆறு எங்கிருந்து நைட்ரேட் கொண்டுவருகிறது என்ற கேள்விக்குள் அள்ளியவர்கள் இறங்கவில்லை.

நேயர்களே, இனி வருவது நீதிமன்றக் கதை. ஆண்டுகள் நிறைய வரும். நான் வேகமாகச் சொல்கிறேன், நீங்கள் யார் மீது வழக்கு நகர்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

கேங்கான் என்ற ஊரில் குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் அதிகம் என்று சந்தாதாரர்கள் குடிநீர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு வென்றார்கள். பணம் கட்டிய நிறுவனம் சும்மா இருக்கவில்லை. கழிவைக் கட்டுப்படுத்த வேண்டியது அரசு, செய்யவில்லை, அதனால் அந்தப் பணத்தை அரசு எனக்குத் தர வேண்டும் என்று வழக்காடியது. 2001இல் ரென் நகர நிர்வாக நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, பிரிட்டனி ஆற்று நீரைத் தரத்துக்குள் வைக்கத் தவறியதற்காக ஐரோப்பிய நீதிமன்றம் பிரான்சைக் குற்றம் கண்டது. அடுத்து, சூழல் அமைப்புகள் போட்ட வழக்கில் 2009 டிசம்பரில் நாந்த் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஐரோப்பிய விதிகளை நடைமுறைப்படுத்துவதில் அரசு தவறிவிட்டது, பாசிக்கு அரசு பொறுப்பு.

விவசாயி பொறுப்பு என்று சொல்லவில்லை, அரசு பொறுப்பு என்றார்கள். எத்தனை பன்றிக்கு அனுமதி என்று கையெழுத்துப் போட்டது அரசு அதிகாரி. அனுமதிக்கு மேல் வளர்த்ததைக் கண்டும் காணாமல் விட்டது அரசு. கடனையும் மானியத்தையும் எந்தப் பக்கம் திருப்புவது என்று தீர்மானித்தது அமைச்சகம். இத்தனைக்கும் பிறகு, கொட்டகையில் நிற்கும் கடன்காரனைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. என் வெங்காய விவசாயி என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

தீர்ப்பு வந்ததும் அரசு திருந்திவிட்டதா? குதிரை செத்த அடுத்த மாதமே பிரதமர் பிரான்சுவா ஃபியோன் அந்தக் கடற்கரைக்கு வந்தார், அடுத்த ஆண்டு திட்டம் வந்தது, பணமும் வந்தது. ஆனால் 2013 டிசம்பரில், அடுத்து வந்த அரசு ஓர் ஆணை போட்டது. அதுவரை 450 பன்றிக்கு மேல் வளர்க்க விரிவான அனுமதி வேண்டும். இனி 2000 பன்றிவரை எளிய பதிவு போதும். ஒரு கை பாசியை அள்ள, மறு கை பன்றிக் கொட்டகையின் கதவை அகலத் திறந்துவிட்டது. எனக்கு ஆறாத கோபம் இந்த இடத்தில்தான். அறியாமல் செய்தார்கள் என்று சொல்ல அப்போது வழியே இல்லை; நீதிமன்றம் எழுதிக் கொடுத்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது.

செத்த குதிரைக்கு 2014இல் அரசின் பகுதிப் பொறுப்பை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. கழிமுகத்தில் இறந்த மனிதருக்கு? அவரைப் புதைத்த பிறகு தோண்டியெடுத்துத்தான் உடற்கூறாய்வே செய்தார்கள். 2022இல் குடும்பத்தின் வழக்கு தள்ளுபடியானது. குடும்பம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2025 ஜூன் 24ஆம் தேதி நாந்த் நீதிமன்றம், அவர் சாவுக்கு அரசு 60 விழுக்காடு பொறுப்பு என்று தீர்ப்பளித்து, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இழப்பீடு தரச் சொன்னது.

பிரிட்டனி ஆறுகளில் நைட்ரேட் இப்போது 30 மில்லிகிராமை ஒட்டி இறங்கியிருக்கிறது. பாசி அடங்க அது 10, 15க்கு வர வேண்டும் என்கிறார்கள் அறிவியலாளர்கள். வேலை பாதி கிடக்கிறது.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். நம் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. உங்கள் ஊராட்சியில் குடிநீரைச் சோதித்துப் பார்க்கப் பெட்டி கொடுத்து, பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருப்பார்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து, நம் தண்ணீரில் நைட்ரேட் எத்தனை என்று கேளுங்கள். எண்ணைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 45க்கு மேல் இருந்தால், அந்தப் பக்கத்தை நகலெடுத்து உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் நேரில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் ஊராட்சியாவது இதைச் செய்யும் என்று நம்பி விடைபெறுகிறேன்.