கற்பூரத்தைக் காவலில் வைப்போம்

(பேராக் மாநிலத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)

 

நம் வீட்டுச் சாமி மாடத்தில் எந்நாளும் இருக்கும் கற்பூரத்தைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன். வழிபாட்டிற்கும் வலி தீர்ப்பதற்கும் பயன்படும் அப்பொருள், குழந்தையின் வயிற்றுக்குள் சென்றால் உயிரைப் பறிக்கும் நஞ்சாகிவிடும். இதை நம்மில் பலர் அறியார்.

பால்மரம் வெட்டும் நமக்குக் கற்பூரம் அயலான பொருளன்று. 1877ஆம் ஆண்டில் நம் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அக்காலத்து மரமொன்றை அவ்வூரில் நீங்கள் கண்டிருக்கலாம். அம்மரத்துப் பாலிலுள்ள ரப்பரும், கற்பூர மரத்துக் கட்டையிலிருந்து வடிக்கப்படும் கற்பூரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ‘ஐசோப்ரீன்’ என்னும் சிறு கூறே இரண்டிற்கும் அடிப்படை. அக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் கோத்திருப்பது ரப்பர். இரண்டே கூறுகளின் அளவுள்ளது கற்பூரம். இக்குடும்பத்துப் பொருள்களை விஞ்ஞானிகள் ‘டெர்பீன்’ வகை என்பர். ரப்பரின் சங்கிலி நீளமாகையால் அது நிலைத்து நிற்கிறது. கற்பூரம் மிகச் சிறியதாகையால் காற்றில் கரைகிறது. தோலின் வழியாகவும் குடலின் வழியாகவும் விரைந்து உடலினுள் புகுகிறது. அதன் நன்மைக்கும் தீமைக்கும் இதுவே காரணம்.

தமிழருக்கும் கற்பூரத்திற்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. கற்பூர வாணிகத்திற்குப் பெயர்பெற்ற சுமத்திராவின் பாருஸ் துறையில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகர் கல்வெட்டு கிடைத்துள்ளது. மலாய் மொழியில் ‘காப்பூர் பாருஸ்’ என்று வழங்குவதும் அவ்வூரின் பெயராலேயே. இன்று கடையில் விற்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி, பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைன் எண்ணெயைக் கொண்டு ஆலைகளில் செய்யப்படுவதாகும்.

அதன் பயன்களையும் மறுப்பதற்கில்லை. தசைவலிக்கும் மூட்டுவலிக்கும் தடவும் தைலங்களில் கற்பூரம் சேர்கிறது. தோலில் குளிர்ச்சி தந்து வலியுணர்வைத் தணிக்கிறது. பெரியவர்கள் காயமில்லாத தோலில் அளவோடு தடவிக்கொள்வதில் தவறில்லை.

ஆனால், பூசை முடிந்தபின் வீட்டில் நிகழக்கூடிய ஒன்றை எண்ணிப்பாருங்கள். கற்பூரப் பொட்டலம் தாழ்வான மாடத்தில் திறந்து கிடக்கிறது. தவழும் குழந்தை எட்டி எடுக்கிறது. வெண்மையான வில்லை, மிட்டாய் போன்ற தோற்றம். வாயில் போட்டுக்கொள்கிறது. சின்னஞ்சிறு குழந்தைக்கு ஒரு கிராம் கற்பூரமே உயிருக்கு உலை வைத்துவிடும். சில நிமிடங்களிலேயே, முன்னறிகுறி ஏதுமின்றி, வலிப்பு கண்டுவிடலாம்.

அமெரிக்காவில் விளக்கெண்ணெய் என்று எண்ணிக் கற்பூர எண்ணெயைப் புகட்டிய விபத்துகள் பல நேர்ந்தன. ஆகவே 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டரசு அவ்வெண்ணெயின் விற்பனையைத் தடைசெய்தது. பிற மருந்துகளிலும் கற்பூரம் நூற்றுக்குப் பதினொரு பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்று விதித்தது.

தாய்மார்களே! சளி பிடித்த குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம் வழக்கம். அன்பினால் செய்வதே ஆயினும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்யாதீர்கள். எந்த வயதினர்க்கும் மூக்கினுள் தடவுதல் கூடாது. கற்பூரத்தைத் துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவதும் ஆபத்தே.

குழந்தை விழுங்கிவிட்டதாக ஐயம் தோன்றினாலும், உடனே 999 எண்ணை அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். பாலோ எண்ணெயோ புகட்டிக் காலங்கடத்தாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பதால் வலிப்பு நிற்காது. எஞ்சிய பொட்டலத்தை மறவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னுமொரு சொல். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையைக் கற்பூரமென்று மயங்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது நாப்தலீன் என்னும் வேறு நஞ்சு. ‘ஜி6பிடி’ குறைபாடுள்ள குழந்தைக்கு அதன் மணம் ஏறிய துணியும் கேடு செய்யும்; இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள்காமாலை முற்றும். இக்குறைபாடு உண்டா என்று குழந்தை பிறந்தவுடன் மருத்துவமனையில் சோதிக்கிறார்கள். அதன் முடிவைக் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பால் வெட்டும் கத்தியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் செருகி வைக்கிறோம். பாலை உறையவைக்கும் அமிலத்தையும் அவ்வாறே ஒதுக்கி வைக்கிறோம். அவற்றின் கொடுமை கண்ணுக்குத் தெரிகிறது. கற்பூரத்தின் கொடுமை தெரிவதில்லை. அவ்வளவே வேறுபாடு. இன்று வீடு திரும்பியதும், கற்பூரத்தை இறுக மூடும் டப்பாவிலிட்டு உயரத்தில் வையுங்கள். சாமிக்கு ஏற்றும் விளக்கு, நம் குழந்தைகளின் வாழ்வுக்கும் ஒளியாகட்டும்.